இமயம் தாண்டி கரைவெட்டிக்கு வரும் வாத்து

மார்கழி பிறந்தால் அரியலூர் மாவட்டம் கரைவெட்டி ஏரிக்கரையில் வெளியூர் கார்கள் நிற்கத் தொடங்கும். பைனாகுலரோடு வருபவர்கள் முதலில் தேடுவது வரித்தலை வாத்தைத்தான். மண்வெட்டியோடு மடைக்கு வரும் விவசாயிக்கோ அது வருடா வருடம் பார்த்துப் பழகிய பறவை.

சாம்பல் உடல், வெள்ளைத் தலை, தலையின் பின்புறம் இரண்டு கறுப்புப் பட்டைகள்: இதுவே அடையாளம். திபெத், மங்கோலியா, சீனாவின் சிங்காய் ஏரி போன்ற குளிர்ப் பகுதிகளில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டி இந்தியா வருகிறது. 7,000 மீட்டருக்கும் மேல் இது பறந்ததைக் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள். அங்குள்ள குறைந்த காற்றிலும் பிராணவாயுவை இறுகப் பிடிக்கும் இரத்தம் இதற்கு உண்டு.

உள்ளூரார் சொன்ன பெயர்கள்

அயல்நாட்டார் பறவை பார்ப்பது இங்கு புதிதல்ல. 1836-ல் சென்னை வந்த ஆங்கிலேயப் படை மருத்துவர் ஜெர்டன், இந்தியப் பறவைகள் பற்றி 1862 முதல் 1864 வரை நூல் வெளியிட்டார். அதில் பல பறவைகளுக்குத் தமிழ், தெலுங்குப் பெயர்களும் உண்டு. அந்தப் பெயர்கள் இந்த மண்ணின் மக்கள் வாயில் வழங்கியவை. வெளியிலிருந்து வருபவர் சில நாள் பார்க்கிறார். ஏரிக்கரையில் வாழ்பவர் ஆண்டு முழுவதும் பார்க்கிறார்.

பாசன ஏரியே சரணாலயம்

புள்ளம்பாடி வாய்க்கால் வழியே காவிரி நீர் பெறும் கரைவெட்டி, சுமார் 454 ஹெக்டேர் பரப்புள்ள பாசன ஏரி. 1999-ல் பறவைகள் சரணாலயமானது. 2024 ஜனவரியில் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. இங்கு சுமார் 198 வகைப் பறவைகள் பதிவாகியுள்ளன. நெல்லுக்கும் கரும்புக்கும் பாயும் அதே தண்ணீரில்தான் அவை வாழ்கின்றன. வயலில் போடும் மருந்து வடிகால் வழியே நீர்நிலைக்குப் போய்ச் சேரும் என்பதை மறக்கக் கூடாது.

விவசாயிகள் கவனத்திற்கு

* குருணை மருந்தை வரப்பிலோ வாய்க்காலிலோ சிந்தவிடக் கூடாது. பறவைகள் அதைக் குறுமணல் என்று கொத்திவிடும்.

* பூச்சிமருந்து கலந்து நேர்த்தி செய்த விதையில் மிஞ்சியதை வெளியில் கொட்டக் கூடாது. தெளிப்பானை ஏரியிலோ வாய்க்காலிலோ கழுவக் கூடாது.

* வாத்துகள் இரவில் இளம்பயிரை மேய்வதுண்டு. வயலைச் சுற்றிப் பளபளக்கும் நாடா கட்டி விரட்டலாம். விஷம் வைப்பதும் வேட்டையாடுவதும் தண்டனைக்குரிய குற்றம்.

* பறவைகள் கூட்டமாக இறந்து கிடந்தால் கையால் தொடாமல், உடனே கால்நடை மருத்துவருக்கும் வனத்துறைக்கும் தெரிவிக்க வேண்டும். 2005-ல் சிங்காய் ஏரியில் பறவைக் காய்ச்சலால் ஆயிரக்கணக்கான பறவைகள் மடிந்தன. அவற்றில் வரித்தலை வாத்துகளும் இருந்தன. வீட்டுக் கோழிகளையும் ஏரிப் பக்கம் மேயவிடாதிருப்பது நல்லது.

* நெல் வயலில் ஏக்கருக்கு 20 பறவைத் தாங்கிகள் நட்டால், கரிச்சான் குருவி வந்து அமர்ந்து அந்துப்பூச்சிகளைப் பிடிக்கும். கதிர் முற்றும் முன் தாங்கிகளை எடுத்துவிட வேண்டும்.

நவம்பர் முதல் மார்ச் வரை அதிகாலையில் பிள்ளைகளை அழைத்துச் சென்றால் பறவைகளைக் காணலாம். பெரம்பலூர், அரியலூர் விவசாயக் குடும்பங்கள் இதற்காக வெகுதூரம் போக வேண்டியதில்லை. என்று வந்தன, எத்தனை வந்தன என்று ஒரு நோட்டில் எழுதி வந்தாலே போதும். பத்து வருடக் குறிப்பு, ஏரியின் நலத்தைக் காட்டிவிடும்.