அலைவாயில் படகோட்டுதல்

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியின் அருகே நின்று கிழக்கே நோக்குவோருக்கு, படகுகளைக் காக்கும் ஒதுக்கிடமோ குடாவோ தென்படுவதில்லை. மணல் முடியுமிடத்தில் அலை தொடங்குகிறது. அலைக்கு அப்பால் வங்காள விரிகுடா. தெற்கே ஒலுவிலில் 2013 ஆம் ஆண்டு ஒரு துறைமுகம் திறக்கப்பட்டதாயினும், அதன் வாயிலை மணல் அடைத்துக்கொண்டமையால் மீனவர் பட்ட இடர் இப்பகுதியார் அறிந்ததே. ஆதலின், இவ்வூர்ச் சிறுபடகுகள் சுபஹுத் தொழுகைக்குப் பின் மணலிலிருந்தே நீரில் தள்ளப்படுகின்றன; மீண்டு வருவதும் அதே மணலுக்குத்தான். இடையே அலை உடைகின்ற பகுதி பெரும்பாலும் நூறு அல்லது இருநூறு யார் அகலமே உடையது. ஆழ்கடலில் இரவெல்லாம் வலைவிட்டுப் பழுதின்றித் திரும்பிய படகும், வீட்டுக் கூரை கண்ணுக்குத் தெரியும் இந்தச் சிறு தூரத்திலே கவிழ்ந்துவிடக்கூடும். அதனைக் கடக்கும் வகையை எவ்வாறு கற்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முற்காலத்தில் கரைவலைத் தோணியைத் துடுப்புகளே கொண்டுசென்றன. பலர் ஒருமித்து வலித்தாலன்றி அலையை ஏறுதல் இயலாது. இன்று பதினெட்டடிக் கண்ணாடி இழைப் படகின் பின்புறத்தில் ஓர் இயந்திரம் பூட்டப்பட்டு, ஒருவன் கையின் திருகலிலேயே வலு முழுவதும் அடங்கியிருக்கிறது. வலு ஒருவன் கைக்கு வந்தபோது, பிழைக்கும் அவன் ஒருவனே பொறுப்பாளியானான் என்பதைப் புதிதாய்ப் படகு பிடிப்போர் உணர்வதில்லை.

முதற்பாடம் கரையிலேயே நடைபெறுகிறது. அலை ஏன் ஓரிடத்தில் உடைகிறது? நீரின் ஆழம் அலையின் உயரத்தைப்போல ஏறத்தாழ ஒன்றேகால் மடங்காகக் குறையும்போது, அதன் அடிப்பாகம் தரையால் தடைப்பட்டுப் பின்தங்க, முடி முந்திச் சாய்ந்துவிடுகிறது. ஐந்தடி உயர அலை உடையுமிடத்தில் ஆறு, ஆறரை அடி நீரே உண்டு என்று கொள்ளலாம். ஆகவே வெண்ணுரைக் கோடானது நீருக்கடியில் கிடக்கும் மணற்றிட்டின் படமேயாகும். அக்கோட்டிலே நுரை குறைந்து, நீர் கருமையாகத் தோன்றும் இடைவெளி இருக்குமாயின், அங்கே ஆழம் மிகுதி. கரையில் குவிந்த நீர் பெரும்பாலும் அவ்வழியாகவே கடலுக்குத் திரும்புகிறது. குளிக்கும் பிள்ளைகளை இழுத்துச் செல்வது அவ்வோட்டமே. படகை வெளியேற்ற உதவுவதும் அதுவே. நம் கடலில் ஏற்றவற்றத்தின் வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவாதலால், அதனைக் காத்திருப்பதில் பெரும்பயன் இல்லை. ஆனால் வாடைக்காலத்து அலைகள் கரைமணலை அரித்துத் திட்டுகளாக்கி, வழியை இடம்மாற்றிவிடும். சென்ற ஆண்டு வழி இருந்த இடத்திலேயே இவ்வாண்டும் இருக்கும் என்று எண்ணுவது அறிவன்று.

அடுத்தது எண்ணிப் பார்த்தல். தொலைவிலிருந்து வரும் வெவ்வேறு நீளமுடைய அலைகள் ஒன்றோடொன்று கலப்பதனால், பெரிய அலைகள் கூட்டமாக வந்து, பின் சற்றே தணிகின்றன. அந்தத் தணிவை அறியாது படகைத் தள்ளுவோர் பாதிவழியில் அடுத்த கூட்டத்தை எதிர்கொள்வர். இளைஞருக்கு இப்பொறுமை எளிதில் வருவதில்லை.

புறப்பட்டபின் அணியம் அலைக்கு நேராக நிற்றல் வேண்டும். குறுக்கே காட்டிய படகை அலை உருட்டிவிடும். ஒரு கன மீற்றர் நீரின் நிறை ஒரு தொன் என்பதை நினைத்தாலே காரணம் விளங்கும். அலையை நெருங்கும்போது வலு குறையலாகாது. ஆனால் அணியம் முடியில் ஏறும் தருணத்தில் சற்றே தளர்த்தல் வேண்டும். இல்லையேல் படகு காற்றில் எழும்பி, மறுபக்கப் பள்ளத்தில் மோதும். ஏறியதும் மீண்டும் திருகவேண்டும். புதியவனுடைய கை இதற்கு மாறாகவே நடக்கிறது. அலையைக் கண்ட அச்சத்தில் முன்னரே வலுவைக் குறைத்துவிடுகிறான். படகு நுரைக்குள் நின்றுவிடுகிறது. நுரையிலே பாதி காற்றாதலால், இயந்திரத்தின் விசிறி பற்றுதற்கு உரிய நீரின்றி வெறிதே சுழல்கிறது. பின்னர் எவ்வளவு திருகினும் பயனில்லை. “கைய உடாத மகன்!” என்று மூத்தவர் கூவுவது இந்த நொடியிற்றான்.

கைப்பிடியின் இயல்பும் புதியவனை மயக்கும். அதனை இடப்புறம் தள்ளினால் அணியம் வலப்புறம் திரும்பும். அன்றியும், மிதிவண்டியைப்போல முன்பக்கம் திரும்பப் பின்பக்கம் தொடர்வதில்லை. படகின் பின்புறமே வெளியே வீசுகிறது.

கனடாவில் வாழும் நம்மவர் சிலர் இதற்கு ஒப்பான ஓர் அனுபவத்தை அறிந்திருத்தல் கூடும். முன்னே இரு சறுக்குப் பலகைகளும் பின்னே சுழலும் பட்டையும் உடைய பனிவண்டி அங்கே உண்டு. கியூபெக் மாகாணத்து வால்கூரைச் சேர்ந்த யோசப் அர்மாண்ட் பொம்பார்டியே என்பவர் 1959 இல் ‘ஸ்கி டூ’ என்னும் சிறுவண்டியை விற்பனைக்குக் கொணர்ந்தபின் அது எங்கும் பரவியது. இறுகாத புதுப்பனியில் இதனைத் திருப்புவோர், உட்காராது எழுந்துநின்று, திரும்பவேண்டிய பக்கத்துப் படியில் உடலின் பாரத்தை ஊன்றி, கைப்பிடியைக் கணநேரம் எதிர்ப்புறம் திருப்புகின்றனர். வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து பனியை வெட்டிக்கொண்டு வளைகிறது. அஞ்சி வேகத்தைக் குறைத்தவன் வண்டியோடு பனியில் புதைகிறான். ஆயினும் பனியில் புதைந்தவன் மண்வெட்டியால் தோண்டி மீளலாம். நம்மவன் புதைவது நீரில்.

படகிலும் உடற்பாரம் ஒரு சுக்கானே. வெளியேறும்போது உடன்வருவோர் சற்று முன்னே அமர்ந்தால் அணியம் மல்லாந்து எழாது. எதிர்பாராமல் படகு குறுக்காகிவிட்டால், யாவரும் அலை வரும் பக்கமே சாயவேண்டும். அஞ்சியவன் உடல் மறுபக்கம் ஒதுங்கவே விரும்பும். கவிழ்வதற்கு அதுவே போதுமானது.

திரும்பி வருதலே இவ்வித்தையின் கடினமான பகுதி. போகும்போது அலையின் முகம் தெரிகிறது. வரும்போது முதுகுதான் தெரிகிறது. கடலிலிருந்து நோக்கின் எவ்வலையும் சிறிதாகவே தோன்றும். ஆறடி ஆழத்தில் அலை மணிக்குப் பதினைந்து கிலோமீற்றர் அளவில் ஓடுகிறது. மீன் இல்லாத வெறும்படகு அதனை எளிதில் முந்தும். முந்தியதும் முகட்டிலிருந்து முன்பக்கச் சரிவில் வழுக்கி, அணியம் கீழ்நீரில் குத்த, பின்புறம் பக்கவாட்டில் வீசப்பட்டுப் புரள்கிறது. பிந்தினாலோ, பின்வரும் அலை படகுக்குள்ளேயே உடையும். ஆகையால் உடைகோட்டுக்கு வெளியே பொறுத்திருந்து, பெரிய கூட்டத்தின் கடைசி அலையைத் தெரிந்து, அதன் முதுகின்மேல், முகட்டுக்குச் சற்றுப் பின்னாக, அதன் வேகத்திலேயே வரவேண்டும். கை கூட்டவும் குறைக்கவும் ஓயாது இயங்கும். கண்ணோ முன்னும் பின்னும் மாறிமாறிப் பார்க்கும். இப்போது ஆட்களின் பாரம் சற்றுப் பின்னே இருத்தல் நன்று. தேங்கிய நீரை உள்ளே நுழையுமுன் இறைத்துவிடவேண்டும். சாயும் பக்கமே ஓடிச்சேர்ந்து அந்நீர் சாய்வை மிகுவிக்கும். மீனும் வலையும் நகராதபடி நடுவே இருக்கட்டும். மிதவையங்கி அணிவதை வெட்கமாகக் கருதுவோர் இன்னும் உளர். இதனை நான் வீரமென்று ஒப்பமாட்டேன்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை மருதமுனை முதல் சாய்ந்தமருது வரை இக்கரையைச் சூறையாடியபோது, படகுகளோடு பழகிய கைகள் பலவும் போயின. படகுகளை உதவி நிறுவனங்கள் மீட்டுத் தந்தன. இலங்கைக் கரையின் சில இடங்களில் இழந்ததைவிட மிகுதியாகவே சிறுபடகுகள் வழங்கப்பட்டன. கையை அவ்வாறு வழங்குதல் இயலவில்லை. வாப்பாவுடனோ காக்காவுடனோ பல ஆண்டு சென்று பெறவேண்டியதை, பிள்ளைகள் தாமாகவே தட்டித்தடவிக் கற்க நேர்ந்தது.

வழமையான முறை மெதுவானது. பையன் முதலில் அணியத்தில் கயிற்றோடு அமர்வான். பின்பு நீர் இறைப்பான். உடைகோட்டுக்கு அப்பால், அமைதியான நீரில், கைப்பிடி அவனுக்குக் கிடைக்கும். வாடை ஓய்ந்து கச்சான் வீசும் மாதங்களில் கடல் தணிந்திருக்கும்போது வெளியேறப் பழகுவான். உள்நுழையும் கைப்பிடியை எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கொடுப்பதே முறை. அவ்வேளையிலும் மூத்தவர் ஒருவர் அவன் அருகிலேயே அமர்ந்திருத்தல் நன்று. ஏனெனில், கடைசி அலை மணலைத் தொடுமுன் இயந்திரத்தைத் தூக்கிவிடவேண்டும். ஒரு கணம் முந்தித் தூக்கினால் படகு வழிதவறும். பிந்தினால் விசிறி மணலில் உடையும். அதன்பின் இருவர் இருபக்கமும் குதித்து, அடுத்த அலை வருமுன் படகை மேலே இழுக்கின்றனர்.