கூரை வெள்ளையாக இருக்கட்டும்

அமெரிக்காவின் டெக்சஸ், அரிசோனா மாநிலங்களில் குதிரை வளர்ப்பவர்கள் பிக்கப் வண்டிக்குப் பின்னால் டிரெய்லரை மாட்டி, குதிரையை அதில் ஏற்றிக்கொண்டு போட்டிகளுக்கும் கால்நடை மருத்துவரிடமும் போவது அன்றாடக் காட்சி. புது டிரெய்லர் வாங்கும்போது பலரும் இழுக்கும் வண்டியின் நிறத்துக்குப் பொருத்தமாக ஒன்றைத் தேடுகிறார்கள். கறுப்பு வண்டிக்குப் பின்னால் கறுப்பு டிரெய்லர் எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நிறத்தின் பலனை அனுபவிப்பது உள்ளே கட்டிப்போடப்பட்ட குதிரை.

தெளிந்த வானம் உள்ள கோடை நண்பகலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் சூரிய ஆற்றல் ஏறக்குறைய 1,000 வாட். இரண்டு குதிரைகள் நிற்கும் டிரெய்லரின் கூரையை 5 சதுர மீட்டர் என்று வைத்தால், ஐந்து இஸ்திரிப் பெட்டிகளை ஒன்றாகப் போட்டுவிட்ட அளவு வெப்பம் அதன் மேல் இறங்குகிறது. சாதாரணக் கறுப்புச் சாயம் இதில் 90 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சிக்கொள்ளும். டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த புது வெள்ளைச் சாயமோ பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் ஒரே மாதிரியான இரண்டு கார்களை, ஒன்று கறுப்பு, மற்றொன்று வெள்ளி நிறம், வெயிலில் நிறுத்திப் பார்த்தது. 2011இல் வெளியான முடிவின்படி, கறுப்புக் காரின் கூரை மற்றதைவிட 25 டிகிரி செல்சியஸ் வரை அதிகம் சூடேறியது. உள்ளிருந்த காற்று 5 முதல் 6 டிகிரி கூடுதலாக இருந்தது.

அப்படியானால் சாயமே பூசாமல் பளபளக்கும் அலுமினியத் தகடாக விட்டுவிடலாமா? அங்கே பல டிரெய்லர்கள் அப்படித்தான் ஓடுகின்றன. கண்ணாடிபோல் மின்னுவதால் குளுமையாக இருக்கும் என்று தோன்றும். உண்மையில், நல்ல வெயிலில் வெறும் அலுமினியக் கூரை வெள்ளை பூசிய கூரையைவிடச் சூடாகும். ஒரு பரப்பு எவ்வளவு வெயிலை வாங்குகிறது என்பது கணக்கில் பாதிதான். வாங்கியதை அகச்சிவப்புக் கதிராக எவ்வளவு வேகமாக வெளியே விடுகிறது என்பது மீதிப் பாதி. வெள்ளைச் சாயம் தன் வெப்பத்தை மிக நன்றாகக் கதிராக உமிழும். பளபளக்கும் உலோகத்தின் உமிழும் திறனோ அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஆகவே கொஞ்சமாக வாங்கிய வெயிலைக்கூட அது பிடித்து வைத்துக்கொள்கிறது.

இந்தச் சில டிகிரிகள் குதிரைக்கு ஏன் முக்கியம்? 70 கிலோ மனிதருக்குச் சுமார் 1.8 சதுர மீட்டர் தோல் உண்டு. ஒரு சதுர மீட்டர் தோல் 40 கிலோ உடலைக் குளிர்வித்தால் போதும். 500 கிலோ குதிரைக்குத் தோல் சுமார் 5 சதுர மீட்டர். அங்கே ஒரு சதுர மீட்டர் 100 கிலோ உடலின் வெப்பத்தைக் கடத்த வேண்டும். நம்மைப் போலவே அதுவும் வியர்த்துத்தான் தணிகிறது. மூடிய பெட்டிக்குள் அந்த ஈரம் சேரச் சேர, வியர்வை காய்வது குறையும். வண்டி ஓடும்போது திருப்பங்களிலும் பிரேக்கிலும் தசைகளை இறுக்கி நிற்பதால் உடல் இன்னும் வெப்பத்தை உண்டாக்கும். ஓடும் வண்டிக்குக் காற்றாவது கிடைக்கும். பெட்ரோல் நிலையத்தில் வரிசையில் நிற்கும் நேரமே மிகக் கடினமானது.

கடும் நிறம்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. சூரிய ஆற்றலில் ஏறக்குறைய பாதி நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பில் வருகிறது. அதை மட்டும் திருப்பி அனுப்பும் நிறமிகள் கலந்த சாயம், பார்வைக்குக் கடும் நிறமாக இருந்தாலும் சாதாரணக் கறுப்பைவிடக் குறைவாகச் சூடேறும். வெள்ளைக்கு அது ஈடாகாது.

ஈக்களின் கதையும் இதில் சேர்கிறது. ஹங்கேரியின் காபோர் ஹோர்வாத்தும் சக ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், கடும் நிறக் குதிரைகளைவிட வெள்ளைக் குதிரைகளைக் குதிரை ஈக்கள் குறைவாகவே நாடுகின்றன என்று காட்டினார்கள். நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி முனைவாக்கம் அடைந்திருக்கும். அதாவது அதன் அலைகள் ஒரே திசையில் அதிரும். ஈக்கள் தண்ணீரைத் தேடுவது இந்த அடையாளத்தை வைத்துத்தான். கறுத்துப் பளபளக்கும் எந்தப் பரப்பும் அதே அடையாளத்தைக் காட்டுகிறது. பளபளப்பான கறுப்புப் பந்தைத் தொங்கவிட்டு ஈ பிடிக்கும் பொறிகளே விற்பனையில் உள்ளன. மெருகேற்றிய கறுப்பு டிரெய்லரும் அதே ஒளியைத்தான் வீசும். இந்த ஈக்கள் ரத்தம் குடிப்பதோடு குதிரைத் தொற்று ரத்தசோகை என்ற தீராத நோயையும் பரப்பக்கூடியவை என்பதால் இதை அலட்சியப்படுத்த முடியாது.

இரவில் வண்டி மற்றவர்கள் கண்ணில் பட எந்தச் சாயமும் பெரிதாக உதவாது. அமெரிக்காவில் 10,000 பவுண்டுக்கு மேல் எடைத்தகுதியும் 80 அங்குலமோ அதற்கு மேலோ அகலமும் உள்ள டிரெய்லர்களுக்குச் சிவப்பு-வெள்ளை ஒளிதிருப்பும் பட்டை 1993 டிசம்பர் முதல் கட்டாயம். சிறிய குதிரை டிரெய்லர்கள் பல இந்த எடைக்குக் கீழே வருவதால் தப்பிவிடுகின்றன. சட்டம் கேட்காவிட்டாலும் அந்தப் பட்டையை ஒட்டிவிட வேண்டும்.

வெயில் நேராக விழுவது கூரையில்தான். எனவே பக்கச் சுவர்களுக்குப் பிடித்த நிறத்தைப் பூசிக்கொள்ளுங்கள், பளபளப்புக் குறைந்ததாக இருந்தால் நல்லது. கூரையை மட்டும் வெள்ளையாக வையுங்கள், அழுக்குப் படியாமல் கழுவி வாருங்கள், காற்றுத் துவாரங்களை மூடாதீர்கள். ஏற்கெனவே கறுப்பு வாங்கிவிட்டவர்களும் கூரைக்கு மட்டும் வெள்ளை பூசிக்கொள்ளலாம்.