சிப்காட் சாலை – 17: கணிதத்துக்கு யார் படியளப்பது?

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 சென்னை வெள்ளத்தின்போது, டிசம்பர் 1 இரவு இங்கிருந்து அடையாற்றில் வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது. யார் உத்தரவிட்டது, யார் தாமதித்தது என்று இன்றுவரை பேசுகிறோம். இவ்வளவு மழைக்கு ஏரிக்கு எவ்வளவு நீர் வரும், எந்த நேரத்தில் எவ்வளவு திறந்தால் சைதாப்பேட்டையில் ஆறு எந்த மட்டத்துக்கு ஏறும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்லக் கணிதம் தெரிந்த ஆட்கள் வேண்டுமே, அவர்களை உருவாக்க யார் செலவு செய்வது என்ற பேச்சு மட்டும் அதிகம் எழவில்லை.

“கணிதத்துக்கு எதற்குப் பணம்? தாளும் பேனாவும் போதாதா?” நிதி கேட்டுப் போகும் கணிதப் பேராசிரியர்கள் கேட்டுப் பழகிய கேள்வி இது. பதில் நம் ஊர் வரலாற்றிலேயே இருக்கிறது. 1912-ல் ராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தா. 1913 மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை தந்தது. எஃப்.ஏ. கூடத் தேறாதவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு என்று கொடுத்த பணம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை கொடுத்தால் போதும். பகல் பொழுது முழுவதும் அவருக்கே சொந்தமானது. கணித நல்கை என்றால் முதலில் இதுதான்: ஒருவர் பிழைப்புக்கு அலையாமல் உட்கார்ந்து யோசிக்க நாள் வாங்கித் தருவது. அடுத்தது நூலகம். கணிதத்தில் 1950-ல் வந்த கட்டுரை இன்றும் செல்லும், இன்றும் தேவைப்படும். அதனால் ஆய்விதழ்ச் சந்தாவை ஓர் ஆண்டு நிறுத்தினாலும் அந்தப் பள்ளம் நெடுநாள் உறுத்தும்.

இந்தச் செலவை ஒரே மனிதரின் பை தாங்கினால் என்ன ஆகும் என்பதையும் சென்னை பார்த்திருக்கிறது. 1950-ல் அழகப்பச் செட்டியார் இங்கே ராமானுஜன் பெயரில் ஒரு கணித ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். ஆக்ஸ்போர்டில் கணித அறிஞர் ஹார்டியிடம் படித்த தி. விஜயராகவன் அதன் இயக்குநர். 1955-ல் விஜயராகவன் மறைந்தார். 1957-ல் செட்டியாரும் போய்விட்டார். பணமின்றி நிறுவனத்தை மூடும் நிலை வந்தது. வானியற்பியல் அறிஞர் எஸ். சந்திரசேகர் நேருவிடம் முறையிட்ட பிறகுதான் சென்னைப் பல்கலைக்கழகம் அதை ஏற்று நடத்தியது. செட்டியாரின் கொடை பெரியது, மனசும் பெரியது. ஆனால் ஒரு நிறுவனத்தின் ஆயுள் ஒரு வள்ளலின் ஆயுளோடு கட்டப்பட்டிருக்கக் கூடாது.

இந்தப் பாடம் கணித அறிஞர் சி. எஸ். சேஷாத்ரிக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். 1932-ல் காஞ்சிபுரத்தில் பிறந்து செங்கல்பட்டில் வளர்ந்தவர், அதாவது சிப்காட் தொழிற்சாலைகள் எழுந்து நிற்கும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துப் பிள்ளை. 1989-ல் உர நிறுவனமான ஸ்பிக்கின் அறிவியல் அறக்கட்டளையில் ஒரு கணிதப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் இன்றைய சென்னை கணிதவியல் கழகம். ஸ்பிக் பிற்பாடு கடன் நெருக்கடியில் சிக்கியபோது கழகம் தனி அமைப்பாகி விட்டிருந்தது. அணுசக்தித் துறை, ஸ்ரீராம் குழுமம், இன்ஃபோசிஸ் அறக்கட்டளை என்று பல கைகள் அதைத் தாங்கின. 1998-ல் இளங்கலை வகுப்பு தொடங்கியபோது பட்டம் வழங்கப் போபாலின் போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை நாட வேண்டியிருந்தது. 2006-ல்தான் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி கிடைத்தது. 2005-ல் கழகம் குடியேறிய சிறுசேரி வளாகம் 5 ஏக்கர், சிப்காட் பூங்காவுக்குள் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் ஆலைகளுக்கு மனை போட்டுக்கொடுத்த அதே சிப்காட்!

அரசுப் பணம் வராமல் இல்லை. அணுசக்தித் துறை 1983-ல் அமைத்த தேசிய உயர்கணித வாரியம் நூலகங்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் கொடுக்கிறது. 1993 முதல் கணிதப் பேராசிரியர் எஸ். குமரேசன் நடத்திவந்த எம்.டி.டி.எஸ். என்ற கணிதக் கோடைப் பயிற்சியும் அந்த வாரியத்தின் பணத்தில் வளர்ந்ததுதான். சிற்றூர்க் கல்லூரிகளில் சூத்திரத்தை மனப்பாடம் செய்து வந்த பிள்ளைகளைக் கேள்வி கேட்க வைத்த பயிற்சி அது. கணித ஆசிரியர்களுக்கென்றே வந்த மேட்ரிக்ஸ் திட்டம் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் தந்தது, மூன்று ஆண்டுகளுக்கு. இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் எந்தப் புதுக் காரும் அந்த 2 லட்சத்துக்குக் கிடைக்காது.

இந்தச் சிப்காட் சாலையின் நிறுவனங்களிடம் சிஎஸ்ஆர் (நிறுவனச் சமூகப் பொறுப்பு) பணம் இருக்கிறது. சட்டப்படி மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம். சிக்கல் விதியில் இருக்கிறது. 2021 முதல், ஓர் அமைப்பின் மூலநிதிக்குக் கொடுத்தால் அது சிஎஸ்ஆர் செலவாகாது. பல ஆண்டுத் திட்டமென்றாலும் தொடங்கிய ஆண்டு போக மூன்று ஆண்டுதான். முனைவர் பட்டத்துக்கோ ஐந்து ஆண்டு ஆகிறது. பணத்தை முடக்கிவைப்பதைத் தடுக்கத்தான் அந்த விதி, நியாயம் புரிகிறது. ஆனால் கணிதத்துக்கு வேண்டியது சிறு தொகை, நீண்ட காலம். விதி அதைத்தான் அடைக்கிறது. அரசு நிதியில் நடக்கும் ஆய்வு நிறுவனங்களின் மூலநிதிக்காவது விலக்கு தர வேண்டும்.

விதி மாறும் வரை காத்திருக்கவும் வேண்டாம். இப்போதைய மத்திய அரசு விகிதத்தில் ஓர் ஆய்வு மாணவருக்கு முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி நீங்கலாக ஐந்து ஆண்டுக்குச் சரியாக 24 லட்சம். 70 லட்சத்தை வைப்பில் போட்டு 7 சதவீத வட்டி வந்தால், ஒருவர் முடித்துப் போக அடுத்தவர் வருவார். அந்த இடம் காலியாகாது. சிஎஸ்ஆர் கணக்கில் சேராவிட்டாலும் பரவாயில்லை என்று சொந்த லாபத்திலிருந்து இதைத் தர, ஒரகடத்தில் ஒரு நிறுவனம் முன்வந்தால் போதும்.