மாட்டுக் காசநோய்க்கு வழி பிறக்கிறது

கறவை மாடுகளுக்கும் காசநோய் வரும். நோய் கண்ட மாட்டின் பாலைக் காய்ச்சாமல் குடித்தால் மனிதருக்கும் தொற்றும். மேல்நாடுகள் பலவற்றில் நோயுள்ள மாட்டைச் சோதித்துக் கொன்றுவிடுகின்றனர். ஓரிரு மாடுகளை நம்பிப் பிழைக்கும் சிறு விவசாயிக்கு அது கட்டுப்படியாகாது.

குழந்தைகளுக்குப் போடும் பி.சி.ஜி. தடுப்பூசி, மாட்டுக் காசநோய்க் கிருமியை வலுவிழக்கச் செய்து பிரான்சில் உருவாக்கப்பட்டது. 1921 முதல் வழக்கில் உள்ளது. அதையே எத்தியோப்பியாவில் கன்றுகளுக்குப் போட்டுப் பார்த்தனர். நோய் பரவுவது சுமார் 89 சதவிகிதம் குறையும் என 2024-இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

ஒரு சிக்கல் உண்டு. ஊசி போட்ட மாடும் வழக்கமான தோல் சோதனையில் நோயுள்ளதுபோல் காட்டலாம். இரண்டையும் பிரித்தறியும் புதுச் சோதனைக்கு இங்கிலாந்தில் 2021-இல் கள ஆய்வு தொடங்கியது.

தடுப்பூசி பரவலாகும்வரை பாலை நன்கு காய்ச்சிக் குடிக்கவும். நாட்பட்ட இருமலும் மெலிவும் கண்ட மாட்டைத் தனியே கட்டி, கால்நடை மருத்துவரிடம் காட்டவும்.