காய்ச்சல் வந்தால் மூட்டுவாதக் குளிசையை நிறுத்தலாமா?

விடிய எழும்பும்போது கைவிரல்களை மடக்க முடியாது. தேத்தண்ணிக் கோப்பையை ஒழுங்காகப் பிடிக்கவே ஒரு மணித்தியாலம் செல்லும். இதை இடம்பெயர்ந்த காலத்தில் பட்ட காயத்தின் நோவு என்றோ, வயது போன வருத்தம் என்றோ எண்ணி வருடக்கணக்கில் தாங்கிக்கொள்பவர்கள் எம்மிடையே உண்டு.

இரண்டு கைகளிலும் சிறிய மூட்டுகள் வீங்கி, காலையில் நெடுநேரம் விறைத்திருந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். கிருமிகளோடு போராட வேண்டிய நோயெதிர்ப்புத் தொகுதி, சொந்த மூட்டுகளின் உட்சவ்வையே தாக்குவதுதான் இந்த நோய். ஆண்களைவிடப் பெண்களிடமே இது அதிகம் காணப்படுகிறது.

இதற்குத் தரப்படும் மருந்துகள் அந்தத் தொகுதியைச் சற்று அடக்குகின்றன. அதனால்தான் வைரஸ் காய்ச்சல் பரவும் காலங்களில் பலர் பயந்து குளிசையை நிறுத்திவிடுகிறார்கள். இந்தப் பயம் பாதி சரி, பாதி பிழை.

கொவிட் காலம் இதைத் தெளிவாகக் காட்டியது. 2020 இல் 40 நாடுகளைச் சேர்ந்த 600 வாதநோயாளரின் தரவுகள் ஆராயப்பட்டன. தினமும் 10 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் பிரெட்னிசலோன் எடுத்தவர்களே வைத்தியசாலையில் அனுமதிக்கப்படும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. மெத்தோட்ரெக்சேட் போன்ற வழமையான மருந்துகளில் அப்படியான கூடுதல் ஆபத்து தெரியவில்லை. அடுத்த வருடம் வெளியான பெரிய ஆய்வில், நோய் கட்டுக்குள் இல்லாதவர்களிடையே மரண ஆபத்துக் கூடுதலாக இருந்தது. ரிட்டுக்சிமாப் ஊசி ஏற்றியவர்களுக்கும் அப்படியே.

அதாவது, மருந்தை விட்டு நோயை எரியவிடுவதும் ஆபத்தே. நீண்டகாலம் எடுத்த பிரெட்னிசலோனைத் திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே ஆபத்து வரலாம். பழைய துண்டைக் காட்டிப் பாமசியில் அதைத் தொடர்ந்து வாங்கிப் போடுவதும் அதேயளவு பிழை.

எமது பகுதிகளில் மாரி மழையோடு டெங்கும் வருகிறது. இங்கே மூட்டுவாதக்காரருக்கு இன்னொரு பொறி இருக்கிறது. நோவுக்கு வீட்டில் வைத்திருக்கும் டிக்ளோபெனக், ஐபுபுறூபன் போன்றவை டெங்கில் இரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் என்றால் பரசிற்றமோல் மட்டும், அதுவும் சொன்ன அளவில். பிரெட்னிசலோன் எடுப்பவருக்கு உடம்பு பெரிதாகச் சுடாமலும் இருக்கலாம். காய்ச்சல் இறங்கியபின் வயிற்றுநோ, ஓயாத சத்தி, இரத்தக்கசிவு, கடும் சோர்வு ஏற்பட்டால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

செய்ய வேண்டியவை சில. காய்ச்சல் வந்த அன்றே வைத்தியரிடம் போங்கள். கிளினிக் கொப்பியையும் குளிசைகளையும் கொண்டுபோங்கள். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் எடுப்பது. கடுமையான தொற்றின்போது அதைத் தற்காலிகமாக நிறுத்துவதா என்பதை வைத்தியரே தீர்மானிப்பார். காய்ச்சல் தடுப்பூசி பற்றிக் கிளினிக்கில் கேளுங்கள். உயிருள்ள கிருமிகளைக் கொண்ட தடுப்பூசிகளைக் கேட்காமல் போட வேண்டாம்.

குளிசையைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எதுவானாலும் கிளினிக்கில் கேட்டபின் செய்யுங்கள். அடுத்த கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.