அரசின் கூற்றும் குடிமக்களின் ஐயமும்
ஐக்கிய அமெரிக்க உளவுப் பணியை முன்வைத்து ஒரு நோக்கு

அரசின் கூற்றை ஐயுறுவதை அறியாமையென்றோ தேசப்பற்றின் குறைவென்றோ கொள்வது ஆட்சியாளரின் வழக்கம். ஆயின், உளவுப் பணி குறித்து ஐக்கிய அமெரிக்க மக்களிடையே நிலவும் ஐயம் வரலாற்று அனுபவத்தின் பேறாகும். 'நாம் கண்காணிப்பது வெளிநாட்டாரையே' என்ற கூற்றுக்கும் பின்னர் வெளிவந்த ஆவணங்களுக்கும் இடையிலுள்ள தூரமே அவ்வையத்தின் ஊற்றுக்கண் எனலாம்.

1945 தொடக்கம் 1975 வரை, அந்நாட்டுக்கு வந்தனவும் அங்கிருந்து சென்றனவுமான தந்திகளின் பிரதிகளை மூன்று தந்திக் கம்பனிகள் இரகசியமாக உளவுத்துறைக்கு வழங்கி வந்தன. 'ஷாம்றொக்' எனப்பட்ட இத்திட்டத்தின் உச்சக்கட்டத்தில் மாதமொன்றுக்கு ஏறத்தாழ 1,50,000 செய்திகள் ஆராயப்பட்டன. 1967 முதல் 1973 வரை நிலவிய 'மினறெற்' திட்டமோ வியட்நாம் யுத்த எதிர்ப்பாளரையும் குடியுரிமை இயக்கத்தினரையும் அந்நியத் தொடர்பின் பெயரால் நோக்கியது. மார்ட்டின் லூதர் கிங், முகம்மது அலி ஆகியோர் அதன் பட்டியலில் இடம்பெற்றனர். 1975 இல் உளவுத்துறையின் முறைகேடுகளை விசாரித்த செனற் குழுவின் தலைவர் பிராங் சேர்ச்சின் பெயரும் அப்பட்டியலில் இருந்தமை 2013 இலேயே வெளியாயிற்று. 'வெளிநாடு' என்ற சொல் உள்நாட்டு எதிர்ப்பாளரை நோக்கித் திருப்பப்பட்டவாறு இதுவாகும்.

அவ்விசாரணையின் பயனாக 1978 இல் வெளிநாட்டுப் புலனாய்வுக் கண்காணிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. தனி நீதிமன்றமும் அமைக்கப்பட்டது. எனினும், அந்நீதிமன்றம் மூடிய கதவுகளுக்குள் பெரும்பாலும் அரச தரப்பை மட்டுமே செவிமடுத்தது.

2013 மார்ச்சில், கோடிக்கணக்கான அமெரிக்கர் பற்றிய தரவுகள் திரட்டப்படுகின்றனவா எனச் செனற்றர் றொன் வைடன் வினவியபோது, தேசியப் புலனாய்வுப் பணிப்பாளர் ஜேம்ஸ் கிளப்பர் இல்லையென விடையளித்தார். மூன்று மாதங்கள் கழியுமுன் எட்வேட் ஸ்னோடன் வழங்கிய ஆவணங்கள் வெளியாயின. தொலைபேசிக் கம்பனியொன்று தன் வாடிக்கையாளரின் அழைப்புப் பதிவுகள் அனைத்தையும் நாள்தோறும் ஒப்படைக்கவேண்டுமென்ற நீதிமன்றக் கட்டளை அவற்றுள் ஒன்று. பின்னர் கிளப்பர் தந்த விளக்கம் நோக்கற்பாலது. நூலகத்தில் நூலை அடுக்கிலிருந்து எடுத்துத் திறந்து வாசிப்பதே தாம் கருதிய 'திரட்டுதல்' என்றார். இதன்படி, நூல்கள் அனைத்தையும் கொணர்ந்து அடுக்கிவைத்தல் திரட்டுதல் ஆகாது! சொல்லின் பொருளை அரசே இரகசியமாக வரையறுக்கும்போது, மக்கள் அச்சொல்லை நம்புவதெங்ஙனம்?

பயன் பற்றிய கூற்றும் இத்தகையதே. இவ்வகைத் திட்டங்களால் ஐம்பதுக்கு மேற்பட்ட பயங்கரவாதச் செயல்கள் தடுக்கப்பட்டன என அரச தரப்பு கூறிற்று. ஆனால், தொலைபேசிப் பதிவுத் திட்டத்தை ஆராய்ந்த சுயாதீன மேற்பார்வைச் சபை, நாட்டுக்கெதிரான அச்சுறுத்தல் பற்றிய விசாரணை எதன் முடிவிலும் அது குறிப்பிடத்தக்க மாற்றத்தை ஏற்படுத்தியதாகக் காணவில்லையென 2014 ஜனவரியில் அறிக்கையிட்டது. பதிவுகளை அரசு மொத்தமாகத் திரட்டுதல் 2015 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுத்தப்பட்டது.

இதே சபை, வெளிநாட்டிலுள்ள அந்நியரை இலக்காகக் கொண்ட பிறிதொரு திட்டம் பயனுடையதென 2014 ஜூலையில் முடிவு செய்தமையும் மறைக்கற்பாலதன்று. ஐயம் என்பது மறுப்பு அன்று. அது சான்று கோரல். சான்றுகள் யாவும் அரசின் கையிலேயே இருக்கும் துறையில், நிறுவும் பொறுப்பும் அரசையே சாரும். அப்பொறுப்பை அது நிறைவேற்றும் வரை, ஐயம் குடிமக்களின் குறையன்று, கடமையாகும்.