சாலை விபத்தைக் குறைக்க மாநிலத் திட்டம்: கூட்டுறவுச் சங்கங்களின் பங்கு

ஆண்டுதோறும் நமது சங்கங்களின் மகாசபையில் வரவு செலவுக் கணக்கு படிக்கப்படுகிறது. நஷ்டம் எங்கே ஏற்பட்டது, யாருடைய பொறுப்பில் ஏற்பட்டது, இனி அதைத் தவிர்க்க வழி என்ன என்று அங்கத்தினர்கள் வினவுகிறார்கள். நிர்வாகக் குழுவினர் விடை கூறுகிறார்கள். நூல் இருப்பில் ஒரு கட்டுக் குறைந்தாலும் விசாரணை உண்டு. ஆனால் நமது சாலைகளில் ஏற்படும் உயிர் நஷ்டத்தைப் பற்றி நாம் இவ்வளவு அக்கறையோடு கேட்பதில்லை. "விதி முடிந்தது" என்று கூறி, பெருமூச்சோடு விட்டுவிடுகிறோம்.

அந்தக் கணக்கைச் சற்று நோக்குவோம். 2023-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 67,213 சாலை விபத்துக்கள் நிகழ்ந்தன. விபத்துக்களின் எண்ணிக்கையில் அவ்வாண்டு இந்திய மாநிலங்களுள் முதலிடம் நமக்கே. மாண்டவர்கள் 18,347 பேர். அதாவது நாளொன்றுக்கு ஐம்பது பேர். அதற்கு முந்திய 2022-ஆம் ஆண்டில் மாண்டவர்கள் 17,884 பேர். கை கால் முறிந்தும் தலையில் அடிபட்டும் துன்புற்றோர் இதனினும் பன்மடங்கினர்.

இது நகரத்தாரின் கவலை என்று நாம் எண்ணிவிடலாகாது. 2022-இல் இந்தியா முழுவதும் சாலையில் மாண்ட 1,68,491 பேரில் நூற்றுக்கு 68 பேர் கிராமப்புறங்களில் மாண்டவர்கள். மாண்டவர்களில் ஏறத்தாழ மூவருக்கு இருவர் 18 முதல் 45 வயது வரை உள்ளவர்கள். உழைக்கும் பருவத்தில் இருந்தவர்கள் என்பதே இதன் பொருள்.

நெசவு ஒருவர் தனித்துச் செய்யும் தொழிலன்று. ஒருவர் தார் சுற்ற, ஒருவர் பாவு புணைக்க, ஒருவர் தறியில் அமர, குடும்பம் முழுவதும் கூடிச் செய்யும் தொழில் அது. சங்கத்திற்குச் சேலையைக் கொடுத்துவிட்டு மொபெட்டில் திரும்பும் நெசவாளர் வழியில் லாரியில் அடிபட்டுத் தொடை எலும்பு முறிந்து கிடந்தால், தறியில் பாதி நெய்த பாவு அப்படியே நிற்கும். கூலி நிற்கும், மருத்துவச் செலவுக்குக் கடன் ஏறும், படிக்கும் பிள்ளை வேலைக்குப் போகும். பயிரிடுவோர் வீட்டிலும் இதே கதைதான். அறுவடைக் காலத்தில் குடும்பத் தலைவர் படுக்கையில் வீழ்ந்தால் சங்கக் கடனின் தவணையும் தவறும். ஒரு விபத்து ஒரு குடும்பத்தோடு நிற்பதில்லை; சங்கத்தின் பேரேட்டிலும் அது பதிவாகிறது.

திட்டம் பிறந்த வரலாறு

இத்துன்பத்தை மாநிலம் தழுவிய திட்டத்தால் குறைக்க முடியும் என்ற கருத்து வலுப்பெற்றதில் தமிழர் ஒருவருக்குப் பங்கு உண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு சிகிச்சை நிபுணரான டாக்டர் எஸ். ராஜசேகரன், சாலைப் பாதுகாப்புக் குறித்து 2012-இல் உச்சநீதிமன்றத்தில் பொதுநல மனு ஒன்றைத் தாக்கல் செய்தார். அவ்வழக்கை ஒட்டி, ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் 2014-இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. பின்னர் 2017 நவம்பர் 30-ஆம் தேதியன்று நீதிமன்றம் விரிவான கட்டளைகளைப் பிறப்பித்தது.

அக்கட்டளைகளின்படி ஒவ்வொரு மாநிலமும் சாலைப் பாதுகாப்புக் கொள்கை ஒன்றை வகுக்க வேண்டும். அதை நிறைவேற்றும் பொறுப்பை ஒரு தலைமை அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும். தனி நிதி ஒதுக்க வேண்டும். விபத்துக்களைக் குறைப்பதற்கு இலக்குடன் கூடிய செயல்திட்டம் தீட்ட வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் கலெக்டர் தலைமையில் ஒரு குழு இயங்க வேண்டும். அக்குழுவில் போலீஸ் சூப்பிரண்டு, சுகாதார அதிகாரிகள், சாலைப் பொறியாளர்கள், போக்குவரத்து அதிகாரி ஆகியோருடன் மாவட்டத்தின் பொதுமக்கள் தரப்பினரும் இடம்பெற வேண்டும். இந்தக் கடைசி வாசகத்தை அங்கத்தினர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்; பின்னால் அதற்கு வருவோம்.

திட்டத்தினால் பயன் விளையுமா என்று ஐயுறுவோர்க்கு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தின் அனுபவம் விடை தரும். அம்மாநிலத்தில் 1970-இல் மட்டும் 1,061 பேர் சாலையில் மாண்டனர். அவ்வாண்டின் இறுதியில், காரில் செல்வோர் இருக்கை வார் அணிவதைக் கட்டாயமாக்கும் சட்டம், உலகிலேயே முதன்முதலாக, அங்குக் கொண்டுவரப்பட்டது. 1976-இல் மது அருந்தி வண்டி ஓட்டுவோரைக் கண்டறியும் திடீர்ச் சோதனைகள் தொடங்கின. 1989-க்குப் பின் வேகத்தைக் கண்காணிக்கும் காமிராக்களும் விரிவான பிரசாரமும் சேர்ந்தன. 1992-இல் மாண்டோர் தொகை 396 ஆகக் குறைந்தது. மக்களும் மோட்டார் வண்டிகளும் பெருகிய பின்னரும் 2020-இல் அது சுமார் 210 தான். விக்டோரியா மக்கள் எவ்வாண்டும் தவறே செய்யாத மக்களாக மாறிவிடவில்லை. ஒவ்வோர் ஆண்டும் கணக்குப் பார்த்து, ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியே எடுத்துப் பரிகாரம் தேடினார்கள்.

இரண்டாவது கேள்வி

ஒரு நல்ல திட்டத்தின் உயிர்நாடி இதுதான். விபத்து நேர்ந்ததும் நாம் கேட்கும் முதற்கேள்வி "யார் மேல் தப்பு?" என்பது. அது நீதிமன்றத்திற்கு வேண்டிய கேள்வி. திட்டம் வகுப்போர் அதனோடு நில்லாமல் இரண்டாவது கேள்வி ஒன்றைக் கேட்க வேண்டும்: "அந்தத் தப்பு நேர்ந்த பின்னரும் அவர் உயிர் பிழைத்திருக்க எது துணை செய்திருக்கும்?"

சங்கத்தில் ஒரு குமாஸ்தா பணத்தைக் கையாடினால், அவரைத் தண்டிப்பதோடு நாம் நின்றுவிடுவதில்லை. இருவர் கையொப்பம் இன்றிப் பணம் வெளியே போகலாகாது என்று விதியையும் திருத்துகிறோம். சாலைக்கும் அதே நியாயம் பொருந்தும். 2022-இல் நாட்டின் விபத்து மரணங்களில் நூற்றுக்கு 71-க்கு மேற்பட்டவை மிகுவேகத்தால் நேர்ந்தவை என்று பதிவாகியுள்ளது. ஓட்டியவர் மேல் குற்றம் என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் ஊரின் நடுவே நான்கு வழிச் சாலை நேர்கோடாகச் சென்றால், நடந்து கடக்க இடம் இல்லையென்றால், பள்ளிக்கூட வாசலில் எச்சரிக்கைப் பலகை இல்லையென்றால், அந்தக் குற்றத்தில் சாலைக்கும் பங்கு இல்லையா? இதை உணர்ந்தே 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில், சாலையைத் தரக்குறைவாக அமைக்கும் அதிகாரிகளுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் செய்யப்பட்டது.

வேகத்தின் கணக்கு எளியது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் 11 மீட்டர் ஓடுகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் 22 மீட்டர். குறுக்கே வரும் குழந்தையைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள் ஏறத்தாழ ஒரு வினாடி கடந்துவிடும். வேகம் இரு மடங்கானால் மோதலின் வலிமை நான்கு மடங்காகும். ஆதலால் வேகத்தடையும், வேக வரம்பும், நடப்போர்க்குத் தனிப் பாதையும் உயிர் காக்கும் சாதனங்களாகும். இவற்றை வீண் செலவு என்று தள்ளுவது தகாது.

தலைக்கவசமும் அத்தகையதே. 2022-இல் இந்தியாவில் தலைக்கவசம் இன்றி மாண்டோர் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். தலைக்கவசம் அணிந்தால் மரண அபாயம் நூற்றுக்கு 42 பங்கும், தலைக்காய அபாயம் நூற்றுக்கு 69 பங்கும் குறைகின்றன என்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட முடிவு. "பக்கத்து ஊர்தானே" என்று கூறி அதை ஆணியில் மாட்டிவிட்டுப் போகும் வழக்கம் நம்மிடையே ஒழிய வேண்டும்.

நமது கையில் உள்ளவை

அரசாங்கம் செய்ய வேண்டியவற்றைக் கூறினோம். நம் தவறுகளையும் ஒளிவின்றிக் கூறுவதே முறை. உளுந்துச் செடியையும் கொள்ளையும் தார்ச்சாலையில் பரப்பி, வண்டிச் சக்கரம் ஏறி மணி உதிரட்டும் என்று விட்டுவிடுவது நம் ஊர்களில் இன்றும் உண்டு. ஓரத்தில் கல்லை அடுக்கி வைத்து, மாலையில் அகற்ற மறந்தும் போகிறோம். காய்ந்த செடியின்மேல் இரு சக்கர வண்டி வழுக்குகிறது. இருட்டில் கல்லில் மோதுகிறது. கரும்பு ஏற்றிய டிராக்டர் பின்விளக்கும் ஒளிப்பட்டையும் இன்றி இரவில் சாலையோரம் நிற்கிறது. மொபெட்டின் இரு புறமும் நீட்டிக்கொண்டிருக்கும்படி பாவு உருளையைக் கட்டிக்கொண்டு நெரிசலில் செல்கிறோம். வறுமையாலும் வசதிக் குறைவாலும் இவை நேர்கின்றன என்பது மெய்யே. களம் இல்லாதவர் சாலையைத் தேடுகிறார். ஆகவே அவரைப் பழிப்பதோடு அமையாமல், களம் கட்டித் தருவதே பரிகாரம்.

அடிபட்டவரைக் காப்பதிலும் நாம் பின்தங்குகிறோம். போலீஸ், சாட்சி, கோர்ட்டு என்று அலைய நேரும் என அஞ்சிப் பலர் ஒதுங்கி நிற்கிறார்கள். அந்த அச்சத்திற்கு இப்போது இடமில்லை. உதவி செய்பவரைத் துன்புறுத்தலாகாது என்ற நெறிமுறைகளை 2016 மார்ச் 30-இல் உச்சநீதிமன்றம் சட்டத்திற்குச் சமமாக்கியது. 2019-இன் திருத்தச் சட்டத்திலும் அப்பாதுகாப்பு இடம்பெற்றது. காயமுற்றவரை மருத்துவமனையில் சேர்த்தவர் தம் பெயரைக் கூறவும் கட்டாயமில்லை. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 முதல் நடைபெற்று வருகிறது. 2021 டிசம்பர் 18-இல் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" என்ற திட்டம் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. மாநில எல்லைக்குள் அடிபடும் எவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை, அரசே செலவை ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு இது. இச்செய்தி கடைசித் தெருவின் கடைசி வீட்டுக்கும் எட்டியிருக்கிறதா என்று நாம் விசாரிக்க வேண்டும்.

சங்கங்கள் செய்யத் தக்கவை

முதலாவது, ஒவ்வொரு சங்கமும் விபத்துக் குறிப்பேடு ஒன்றைத் தொடங்கலாம். தேசிய நெடுஞ்சாலையில் 500 மீட்டர் தூரத்திற்குள் மூன்று ஆண்டுகளில் மரணமோ கொடுங்காயமோ விளைத்த ஐந்து விபத்துக்கள் நேர்ந்தாலும், அல்லது பத்துப் பேர் மாண்டாலும், அது ஆபத்தான இடம் எனக் குறிக்கப்படுகிறது. நம் ஊர்ச் சாலைத் திருப்பங்களுக்கு அத்தகைய கணக்கு இருப்பது அரிது. எந்த இடம், எந்த நேரம், எவ்வாறு நேர்ந்தது, எது இருந்திருந்தால் தப்பியிருப்பார் என்ற நான்கு விவரங்களையும் குறித்து வைத்து, மாவட்டக் குழுவின் தலைவராகிய கலெக்டருக்கு மனுவாக அனுப்புதல் வேண்டும். பொதுமக்கள் தரப்பினர்க்கு அக்குழுவில் இடம் உண்டு என்று மேலே கண்டோம். அந்த இடத்தில் நெசவாளர், பயிரிடுவோர் சங்கங்களின் பிரதிநிதியும் அமர வேண்டும் என்று கேட்பது நமது உரிமை.

இரண்டாவது, ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற தலைக்கவசங்களைச் சங்கம் மொத்தமாகக் கொள்முதல் செய்து, விலையைக் கூலியிலோ கடன் தவணையிலோ சிறுகச் சிறுகப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு இரண்டாக வழங்கலாம். தனியாக வாங்க இயலாததைக் கூடி வாங்குவதற்குத்தானே சங்கம் கண்டோம்?

மூன்றாவது, டிராக்டர்களுக்கும் மாட்டு வண்டிகளுக்கும் சிவப்பு ஒளிப்பட்டை ஒட்டும் வேலையை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். செலவு சொற்பம்; பயன் பெரிது.

நான்காவது, உலர்களம் இல்லாத ஊர்களில் பஞ்சாயத்தோடு சேர்ந்து அதற்கு முயல வேண்டும். களம் அமையும் வரையில் சாலையில் கதிர் பரப்புவதில்லை என்று மகாசபையில் தீர்மானம் நிறைவேற்றலாம்.

ஐந்தாவது, சங்கத்திற்கு மூவரேனும் இரத்தப்போக்கை நிறுத்துதல் போன்ற முதலுதவி முறைகளைப் பயில வேண்டும்.

திட்டம் தலைநகரில் எழுதப்படுகிறது; ஆனால் அது நிறைவேறுவது நம் ஊர் எல்லையில். கணக்குப் பார்ப்பதும், கூடிச் செயலாற்றுவதும், பலவீனரைத் தாங்குவதும் கூட்டுறவாளர்களுக்குப் புதியவை அல்ல. அவற்றைச் சாலைக்கும் கொண்டுசெல்வதே இப்போது வேண்டுவது. அடுத்த மகாசபையின் நிகழ்ச்சி நிரலில் இந்தப் பொருளையும் சேர்க்குமாறு ஒவ்வோர் அங்கத்தினரும் தம் சங்கக் காரியதரிசிக்கு எழுதுவாராக. இன்று காலை வீட்டை விட்டுப் புறப்பட்டவர்களில் ஐம்பது பேர் மாலையில் திரும்பமாட்டார்கள் என்ற நிலையைப் பொறுத்துக்கொண்டிருப்பது நமது கூட்டுறவு நெறிக்கு அழகன்று.